டின் என்றால் இரைச்சல்

அவருக்குக் காது மெஷின் வாங்கப் பெரம்பலூருக்குப் போனோம். அவர் என்றால் என் வீட்டுக்காரர். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிரில்லிங் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும்போதே காது பாதிக்கு மேல் போயிருந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான், “இதுக்கு மேல தள்ளிப் போடாதம்மா, நான் போன்ல பேசுறது அப்பாவுக்கு ஒண்ணுமே கேக்கலை” என்று பிடிவாதமாக நின்றாள்.

கடை சின்னதுதான். உள்ளே கண்ணாடி வைத்த ஒரு கூண்டு அறை. அதில் அவரை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே மேசையில் இருந்த பெண் ஒரு குமிழைத் திருகிக்கொண்டே போனாள். அவர் விரலைத் தூக்கவே இல்லை. பரீட்சையில் விடை தெரியாத பையன் மாதிரி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண் மேலும் திருகினாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் ஒரு விரல் எழுந்தது. அதுவும் சந்தேகத்தோடு.

அரியலூர்க்காரர்களைக் கேட்டால், சுரங்கத்தில் காது போவது வெடியால் என்பார்கள். மத்தியானம் சைரன் ஊதி, சிவப்புக் கொடி காட்டி, வெடி வைப்பார்கள். எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடும். நானும் வெடிதான் காரணம் என்று நினைத்திருந்தேன். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

“வெடி ஒரு நிமிஷ வேலை. அதுக்கு நாங்க எட்டத் தள்ளிப் போயிடுவோம். டிரில்லை விட்டுத் தள்ளிப் போக முடியுமா? அதுகிட்டதான நாள் பூரா நிக்கணும்.”

காதில் வைக்க ரப்பர் அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதை வைத்தால் பின்னால் வருகிற டிப்பர் லாரி தெரியாது, ஆள் கூப்பிட்டால் கேட்காது என்று சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். துவைக்கும்போது நான் எடுத்து அலமாரியில் வைப்பேன். மறுநாள் மறுபடியும் பையில் போட்டுக்கொண்டு போவார்.

கல்யாணமான புதிதில் அவர் பேச்சுக்கு நான் பயந்திருக்கிறேன். நான் செட்டிகுளத்துப் பெண். எங்கள் வீட்டில் சின்ன வெங்காயம் போட்ட வருஷமும் சரி, போடாத வருஷமும் சரி, தேவைக்குத்தான் பேசுவோம். இவர் வேலை முடிந்து வந்து, உடம்பிலிருக்கிற வெள்ளைத் தூசி போகக் குளித்துவிட்டு, சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நிறுத்த மாட்டார். பாறையில் சங்கு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது, கேன்டீனில் சாம்பாரில் உப்பில்லை, மேஸ்திரியின் மகளுக்கு வரன் வந்திருக்கிறது. பிறகு என்னைக் கேட்பார். “டீச்சர், இன்னைக்கு ஸ்கூல்ல என்ன?” நான் அரியலூரில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிறேன். அவர் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. கோபத்திலும் டீச்சர்தான். அவர் கேட்டுக் கேட்டுத்தான் நானும் பேசப் பழகினேன்.

காது ஒரே நாளில் போகவில்லை. கீச்சென்ற சத்தங்கள் முதலில் போயின. குக்கர் விசில் அடிப்பது தெரியாமல் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். பிறகு செல்போன் மணி. பிறகு மகளின் குரல். அவளுக்குக் கீச்சுக்குரல். என் குரல் கொஞ்சம் கட்டை. அதனால் எனக்கு இன்னும் சில வருஷம் கிடைத்தது.

பெரம்பலூர்க் கடைப் பெண் மெஷினை அவர் காதில் பொருத்தி, சரி செய்து, அவருக்குப் பின்னால் போய் நின்று சாதாரணமாகத்தான் சொன்னாள். “ஐயா, கேக்குதுங்களா?”

அவர் சட்டென்று திரும்பினார்.

“முதல்ல எல்லாமே பெருசாத்தான் கேக்கும்” என்று அவள் என்னிடம் சொன்னாள். “நமக்கு வேண்டிய சத்தம், வேண்டாத சத்தம்னு மூளை பிரிச்சுக்கும். இவங்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. மெதுவாத்தான் திரும்பும். சிலருக்கு அவ்வளவா திரும்பாது. பொறுமையா இருங்கம்மா.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். ஏறியதும் அவர் முகம் மாறிவிட்டது. இன்ஜின், தகடு ஆடுகிற சத்தம், கண்டக்டர் விசில், சினிமாப் பாட்டு, எதிர் சீட்டுக் குழந்தையின் அழுகை, யாரோ ஒருவர் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்த நிலத் தகராறு. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பேரளி தாண்டும் வரைக்கும் விடவில்லை. பிறகு என் பக்கம் குனிந்து கேட்டார்.

“டீச்சர், இந்த மாதிரி எல்லாம் ஒண்ணா வந்து மண்டைக்குள்ள விழுதே, இதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லுவீங்க?”

“நாய்ஸ்.”

“அது தெரியும். ஒரு சத்தத்தையும் நாய்ஸ்ங்கிறீங்களே. இது ஒரு சத்தம் இல்லையே.”

யோசித்தேன். வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற சொல் ஒன்று இருந்தது. பையன்கள் அதைக் கேட்டால் “டின்னர்ல வர்ற டின்னா டீச்சர்?” என்பார்கள்.

“டின்” என்றேன். “பல சத்தம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, நிக்காம, காதைப் போட்டு அடிச்சா அதுக்கு டின். ஒரு தடவை டமார்னு கேட்டு நின்னுட்டா அது டின் இல்லை. வெடி டின் இல்லை. உங்க டிரில்லு, டிப்பரு, கிரஷரு எல்லாம் சேர்ந்தா டின்.”

“அப்ப நம்ம இரைச்சல்தானே?”

“இரைச்சல்தான். ஆனா மழைக்கும் நாம இரைச்சல்ங்கிறோம். கேட்க நல்லாத்தான இருக்கு? டின்னுன்னா கேட்கிறவனுக்குப் பிடிக்கலைன்னு அர்த்தம். அந்தச் சொல்லுலயே இருக்கு அது.”

“டின்” என்று சொல்லிப் பார்த்தார். “ஒரு வாக்கியம் சொல்லு.”

பாடம் எடுக்கிற பழக்கத்தில், பாடப் புத்தகங்களில் எப்போதும் வருகிற மாதிரி ஒன்றைச் சொன்னேன். “இந்த டின்னுக்கு மேல நீ பேசுறது எனக்குக் கேக்கலை.” இங்கிலீஷில் சொல்லிவிட்டு அர்த்தமும் சொன்னேன். அபவ் த டின். இரைச்சலுக்கு மேல். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் மின்விசிறியைப் பார்த்தார். “இது எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுமா?” என்றார். பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டார். தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டு நின்று நின்று நடந்தார். மகளுக்குப் போன் போட்டுப் பேசினார். அவள் அந்தப் பக்கம் அழுதாள், இவருக்கு அது கேட்டது. “ஏன்டா அழுவுற, மூக்கு உறிஞ்சறது வரைக்கும் கேக்குது” என்றார். அந்த ஒரு சாயங்காலத்துக்காகவே அந்த மெஷினை வாங்கியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதன் பிறகு அந்தச் சொல் எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. மார்க்கெட்டில், பஸ் ஸ்டாண்டில், சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் தாங்க முடியாமல் போனால் என்னைப் பார்த்து “டின்” என்பார். நான் அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்டிமடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்துக்குள் மேளம், அதோடு போட்டி போட்டுக்கொண்டு ஸ்பீக்கரில் பாட்டு. அவர் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் என் பக்கம் சாய்ந்து “டின், டீச்சர்” என்றார். பரிமாறிக்கொண்டிருந்த என் நாத்தனார் மகன் அதைக் கேட்டுவிட்டான்.

“யாருக்கு மாமா டின்னு கட்டணும்? சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டினான். பந்தியே சிரித்தது. அவருக்கு அந்த இரைச்சலில் அவன் சொன்னது புரியவில்லை. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார். என்னவென்று தெரியாமல் சிரிக்கிற சிரிப்பு அது என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. இலையை மூடிவிட்டு இரண்டு பேரும் வெளியே வந்தோம். மண்டபத்துக்குப் பின்னால் முந்திரித் தோப்பு. அங்கே போய் மெஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “அப்பாடா” என்றார். நான் அவன் சொன்ன ஜோக்கைச் சொன்னேன். மெஷின் கையில் இருந்ததால் அதுவும் கேட்கவில்லை. மறுபடி மாட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு நாள் அவருக்கு அந்தச் சொல்லின் இன்னொரு உபயோகத்தையும் சொன்னேன். ஒருவர் தலையில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஏற்றுவதற்கும் இங்கிலீஷில் டின் என்பார்கள், அப்போது அது வினைச்சொல் என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

“அப்ப நீ எனக்குக் கல்யாணமானதுலேருந்து டின் பண்ணிட்டுதான் இருக்க” என்றார். “மாத்திரை போடு, மாத்திரை போடுன்னு.”

“அப்படியும் போடறதில்லையே.”

“ஏறலை. காது அடைச்சுக்கிச்சு.”

மெஷின் போட்டுக்கொள்வது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைப் பெண் சொன்ன மாதிரி அவருக்குப் பிரித்துக் கேட்கும் பழக்கம் சரியாகத் திரும்பவே இல்லை. இரண்டு தடவை பெரம்பலூருக்குப் போய் சத்தத்தைக் குறைத்து வாங்கி வந்தோம். குறைத்தால் பேச்சும் சேர்ந்து குறைந்தது. முதலில் வெளியே போகும்போது மட்டும் கழற்றினார். பிறகு டிவி பார்க்கும்போது. பிறகு மகள் போன் செய்கிற நேரத்துக்கு மட்டும் மாட்டினார். அதன் பிறகு மெஷின் அதன் டப்பாவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

நான் என்ன செய்வேன் என்றால், அவர் முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, உரக்கச் சொல்வேன். “சாப்பிடறீங்களா.” “கரண்ட் பில்லு கட்டியாச்சா.” “மழை வருது, துணிய எடுங்க.” இதெல்லாம் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேராமல் போனது மற்றதுதான். ஒன்பதாம் வகுப்புப் பையன் லீவ் லெட்டரில் தன் தாத்தாவை மூன்றாவது முறையாகச் சாகடித்தான் என்பதை அப்படி எதிரில் நின்று கத்திச் சொல்ல முடியுமா? சொல்லிப் பார்த்தேன். “என்ன?” என்றார். மறுபடி சொன்னேன். “யாரு செத்தது?” என்றார். “ஒண்ணுமில்லைங்க” என்றேன். வேலையிலிருந்து வந்து புடவை மாற்றிக்கொண்டிருக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது, விளக்கணைத்தபிறகு பேசுகிற பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அவரும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். தன் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, அது அவருக்குக் கூச்சமாக இருந்தது. வாசற்படியில் வந்து உட்காருவது மட்டும் நிற்கவில்லை. நான் சமைப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். “டீச்சர், நெஞ்சுல என்னவோ அடைக்குது” என்றார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ கொண்டு வந்தார். அரியலூரில் பார்த்துவிட்டு உடனே திருச்சிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். டாக்டர் ஏதாவது கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டுமே என்று, கிளம்பும்போது மெஷின் டப்பாவை என் ஹேண்ட்பேக்கில் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஆம்புலன்ஸில் நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். சைரன் எனக்குக் காதைக் கிழித்தது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நாங்கள் எவ்வளவு அவசரமாகப் போகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அது ஒரு விதத்தில் நல்லது என்று அப்போது நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வுக்குள் அவரை மட்டும் கொண்டு போனார்கள். நான் சிஸ்டரிடம் டப்பாவைக் கொடுத்து, எப்படி மாட்டுவது என்று காட்டினேன். மத்தியானம் நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அந்த சிஸ்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சின்ன வயசுப் பெண். தங்கமான குணம்.

“அம்மா, ஐயா டின்னு டின்னுன்னு கேட்டுக்கிட்டே இருக்காருங்க. பால் டின்னா, பிஸ்கட் டின்னான்னு தெரியலை. இப்ப வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாது. நீங்க வந்து கொஞ்சம் சொல்றீங்களா?”

எனக்குக் கவுன் மாதிரி ஒன்றைப் போட்டு, முகத்தில் மாஸ்க் கட்டி உள்ளே விட்டார்கள். உள்ளே போனதும் எனக்கே புரிந்தது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மெஷின், ஒவ்வொன்றும் ஒரு விதமாகக் கூவியது. எங்கோ யாரோ விடாமல் இருமினார்கள். டிராலி சக்கரம் கிறீச்சிட்டது. ஏசி உறுமியது. அவ்வளவும் அவர் காதுக்குள் பெரிதாகிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் ஊசியும் வயரும் இருந்ததால் மெஷினைத் தானே கழற்ற முடியவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

“டின், டீச்சர்” என்றார்.

இந்த முறை அவரை வெளியே கூட்டிக்கொண்டு போக வழியில்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். குனிந்து மெஷினைக் கழற்றினேன். அவர் கண்ணை மூடி மூச்சு விட்டார். நெற்றிச் சுருக்கம் மெதுவாகப் போனது. சிஸ்டர்கூட மானிட்டரைப் பார்த்துவிட்டு, “அமைதியாயிட்டாரும்மா” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனி நான் பேசுவதும் கேட்காது. வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ள மாஸ்க் விடவில்லை. மாஸ்க்கைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். சிஸ்டர் என் தோளைத் தொட்டு, “அம்மா, வேண்டாம்மா, மத்த பேஷன்ட் இருக்காங்க” என்றார். மறுபடி ஏற்றிக்கொண்டேன். மெஷினை மாட்டிவிட்டுப் பேசலாமா என்று ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மாஸ்க்குக்குள்ளேயே சொன்னேன். “பாப்பா கிளம்பிட்டா, வந்துக்கிட்டே இருக்கா. பயப்படாதீங்க. நான் வெளியிலதான் உக்காந்திருக்கேன், எங்கயும் போகலை.” சொல்லிக்கொண்டே அவர் கையைத் தடவினேன். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்துவிட்டேன் என்று கண்ணை வைத்துத்தான் தெரிந்துகொண்டார் போல. “சரி” என்றார். பிறகு, “சாப்பிட்டியா?” என்றார்.

சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன். சாப்பிடவில்லை.

மகள் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். அவளை உள்ளே விட்டபோது அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். அவள் அவர் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் இரண்டாவது முறை நெஞ்சடைத்தது. டாக்டர் வந்து சொன்னபோது நானும் மகளும் ஒரே டம்ளரில் காபியைப் பங்கிட்டுக் குடித்துக்கொண்டிருந்தோம்.

அரியலூருக்கு அவரைக் கொண்டு வந்து கூடத்தில் கிடத்தினோம். அவருடைய அண்ணன் வந்தார். அழுது முடித்துவிட்டு, ஆக வேண்டியதைப் பார்க்க ஆரம்பித்தார். மேளத்துக்குச் சொல்லியாச்சா, வெடி எத்தனை சரம் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து போனேன். “மாமா, மேளம் வேண்டாங்க. வெடியும் வேண்டாம்.”

“என்னம்மா சொல்ற? என் தம்பியை நாதியத்தவன் மாதிரி கொண்டு போவணுமா? ஊரு என்ன பேசும்?”

“அவருக்குப் பிடிக்காதுங்க.”

“செத்தவனுக்கு என்னம்மா கேக்கப் போவுது?” என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது என்னவோ போல் ஆகிவிட்டது. தம்பிக்குக் காது போன கதை அவருக்கும் தெரியும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். மகள் அவர் பின்னாலேயே போய், “பெரியப்பா, அம்மா இஷ்டப்படி விட்டுடுங்க” என்று கெஞ்சினாள். அவர் மேளக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். ஆனால் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. தெருமுனை தாண்டும்போது யாரோ தாங்களாகவே வாங்கி வந்த ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. பிரியத்தில் செய்ததுதான்.

மகள் என்னை ஓசூருக்கு அழைத்துப் போனாள். அடுக்குமாடி வீடு. நல்ல வசதி. கொஞ்ச நாள் இருந்துவிட்டு, ஸ்கூல் திறக்கிறது என்று திரும்பி வந்துவிட்டேன். ரிடையர் ஆக இன்னும் காலம் இருக்கிறது.

வந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். ஸ்டாஃப் ரூமில் நான் பேச ஆரம்பித்தால் கணக்கு டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறார். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் என் பாடத்தையும் சேர்த்துப் படிக்கிறார்கள் என்று ஹெச்.எம். சிரித்துக்கொண்டே சொன்னார். போன வாரம் ஒரு விசேஷத்துக்குப் போகும்போது, பஸ்ஸில் “ஜெயங்கொண்டம் ஒண்ணு” என்றேன். முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழுந்தார். கண்டக்டர், “பக்கத்துலதாம்மா நிக்கிறேன்” என்றார்.

மகள் போனில் தினமும் சொல்கிறாள். “அம்மா, ஏன் கத்துற? நல்லா கேக்குதும்மா. மெதுவாப் பேசு.”

மெதுவாகத்தான் பேசுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் என் குரல் அவருக்கு வேண்டிய உயரத்திலேயே நின்றுவிட்டது. காய் நறுக்கும்போது ஆளில்லாத வீட்டில் தணித்துப் பேசிப் பழகுகிறேன். இன்றைக்கு ஸ்கூலில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டாஃப் ரூம், லீவ் லெட்டர், ஹெச்.எம். சொன்னது எல்லாம். ஒரு வாக்கியம் சரியாக வருகிறது. அடுத்த வாக்கியத்துக்குள் குரல் தானாக ஏறிவிடுகிறது. நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, முதலிலிருந்து சொல்கிறேன்.